மூன்று மாதம் இரும்பு மாத்திரை போட்டும் இரத்தம் ஏறவில்லையே, ஏன்?

கேள்வி: வணக்கம். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்ட அலுவலகத்தில் கிராணியாக வேலை பார்க்கிறேன். வயது 44. மூன்று மாதத்துக்கு முன் எச்.பி. (இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு) 8.6 இருந்தது. கிளினிக்கில் ஃபெரஸ் ஃபூமரேட் 200 மில்லிகிராம் மாத்திரை கொடுத்தார்கள். காலை ஒன்று, இரவு ஒன்று தவறாமல் போட்டும் இப்போது 8.9தான். காலை ஆறரைக்கு தே தாரிக் என்ற பால் தேநீரும் ரொட்டியும் சாப்பிடும்போதே தைராய்டு மாத்திரை, கேஸ்ட்ரிக்குக்கு ஓமிப்ரசோல், கால்சியம், இரும்பு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுவிடுவேன், மறந்துவிடக் கூடாதே என்று. முடி கொட்டுகிறது என்றதற்குத் தோழி ஒருவர் விற்ற ஸிங்க் மாத்திரை, 50 மில்லிகிராம், எட்டு மாதமாகத் தினமும் ஒன்று. இரவில் கெண்டைக்கால் சுருட்டி இழுக்கிறது. ஒரு மாதமாக இரண்டு பாதமும் மரத்த மாதிரி இருக்கிறது. மக்னீசியமும் வாங்கிப் போடலாமா? கணவருக்கு இரத்த அழுத்தம், பெரிண்டோபிரில் சாப்பிடுகிறார். அவருக்காக சோடியம் குறைந்த உப்பு வாங்கி, வீட்டில் எல்லாருமே அதைத்தான் பயன்படுத்துகிறோம். அது சரிதானா? இரும்பு மாத்திரையை ஒரு நாளைக்கு மூன்றாக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மூன்றாக்க வேண்டாம். மக்னீசியமும் இப்போதைக்கு வாங்க வேண்டாம். ஸிங்க் மாத்திரையை இன்றே நிறுத்திவிடுங்கள். பாதம் மரத்துப்போவதை அடுத்த தவணை வரைக்கும் தள்ளிப்போடாமல் இந்த வாரமே கிளினிக்கில் சொல்லுங்கள். கணவரின் உப்புப் பொட்டலத்தையும் அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை எடுத்து ஓரமாக வையுங்கள். ஸிங்க், பாதம், உப்பு ஆகிய இந்த மூன்றும் அவசரம் என்பதால் முதலிலேயே எழுதுகிறேன். காரணங்களைக் கீழே ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாத குறை எதுவும் இல்லை. குறை எல்லாம் ஆறரை மணியில்தான். அந்த ஒரு வேளையில் இரும்பு, கால்சியம், தைராக்ஸின் என்ற தைராய்டு மருந்து, தேயிலை, பால் ஆகிய ஐந்தும் ஒரே வயிற்றில் சந்திக்கின்றன. தாதுச்சத்துகள் ஒன்றை ஒன்று கண்டுகொள்ளாமல் உடம்புக்குள் போவதில்லை. ஒன்று மற்றொன்றைப் பிடித்து வைக்கும், வழியை மறிக்கும், வெளியே தள்ளும். நீங்கள் விழுங்கிய இரும்பில் எவ்வளவு இரத்தத்துக்குப் போனது என்பதை அது எவற்றோடு சேர்ந்து போனது என்பதுதான் முடிவு செய்கிறது.

கணக்கைப் பார்ப்போம். ஃபெரஸ் ஃபூமரேட் 200 மில்லிகிராம் மாத்திரையில் உண்மையான இரும்பு சுமார் 65 மில்லிகிராம். நல்ல நிலையில், வெறும் வயிற்றில், அதில் பத்து முதல் இருபது சதவீதம் உடம்பில் சேரும். அதாவது 6 முதல் 13 மில்லிகிராம். உங்கள் எச்.பி.யை 8.9இலிருந்து 12.5க்குக் கொண்டுவர சுமார் 500 மில்லிகிராம் இரும்பு வேண்டும். காலியாகிவிட்ட சேமிப்பை நிரப்ப இன்னும் ஏறத்தாழ அதே அளவு. அதனால்தான் இந்த வைத்தியம் மாதக்கணக்கில் போகிறது. வழக்கமாக முதல் மூன்று, நான்கு வாரத்தில் எச்.பி. 1 முதல் 2 வரை கூட வேண்டும். உங்களுக்கு மூன்று மாதத்தில் 0.3தான் கூடியிருக்கிறது. இரும்பு உள்ளே சேரவில்லை, அல்லது சேர்ந்த இரும்பு வேறு வழியில் வெளியேறுகிறது, அல்லது சேர்ந்த இரும்பை உடம்பால் பயன்படுத்த முடியவில்லை. உங்களுக்கு மூன்றுமே இருக்க வாய்ப்புண்டு.

உள்ளே சேராததற்கு முதல் காரணம் தேயிலை. அதிலுள்ள டானின் போன்ற பொருள்கள் இரும்போடு ஒட்டிக் கரையாத கூட்டாகிவிடும். குடல் அதை எடுக்காது. உணவோடு குடிக்கும் ஒரு கோப்பைத் தேநீர் அந்த உணவிலுள்ள இரும்பு சேர்வதை அறுபது சதவீதத்துக்கு மேல் குறைத்துவிடும். காப்பி சுமார் நாற்பது சதவீதம் குறைக்கும். பால் சேர்த்தால் தேயிலையின் வேகம் அடங்கிவிடும் என்று நம்பி தே தாரிக்கை விடாதவர்கள் நம்மில் பலர். பால் கொண்டுவரும் கால்சியமும் இரும்புக்குத் தடைதான்.

இரண்டாவது கால்சியம். ஒரே வேளையில் 300 முதல் 600 மில்லிகிராம் கால்சியம் இருந்தால் இரும்பு சேர்வது பாதிக்கும் கீழே போகலாம். பல மாதங்கள் தொடர்ந்து பார்த்தால் உணவிலுள்ள கால்சியத்தால் இரும்பு பெரிதாகக் குறைவதில்லை. ஆகவே பால் குடிக்கவே பயப்பட வேண்டாம். ஆனால் மருந்தாக எடுக்கும் இரும்பையும் மருந்தாக எடுக்கும் கால்சியத்தையும் ஒரே கையில் வைத்து விழுங்குவது வீண்.

மூன்றாவது ஓமிப்ரசோல். கடிதத்தில் மாத்திரைகளின் நடுவே ஒரு பெயராக மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இதுதான் பெரிதாகத் தெரிகிறது. தாவர உணவிலுள்ள இரும்பு கரைந்து, குடல் எடுக்கும் வடிவத்துக்கு மாற வயிற்று அமிலம் வேண்டும். கால்சியம் கார்பனேட் கரையவும் அமிலம் வேண்டும். உணவிலிருந்து வைட்டமின் பி12 பிரிந்து வரவும் அதே அமிலம்தான். தைராக்ஸின் சேர்வதும் அமிலம் குறைந்தால் குறையும். இந்த மருந்தை நீண்ட காலம் சாப்பிடும் சிலருக்கு மக்னீசியமும் இறங்கிவிடுகிறது. 2011இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதற்கு எச்சரிக்கை கொடுத்தது. எவ்வளவு காலமாகச் சாப்பிடுகிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு வருடத்தைத் தாண்டியிருந்தால் இது இன்னும் தேவைதானா என்று டாக்டரிடம் கேளுங்கள். நீங்களாகத் திடீரென்று நிறுத்தினால் அமிலம் முன்பைவிடக் கூடுதலாகச் சுரந்து நெஞ்செரிச்சல் திரும்பும். டாக்டர் சொல்லும் விதத்தில் படிப்படியாகக் குறைப்பதே சரி.

கேஸ்ட்ரிக் என்று நாம் எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் வைத்துவிடுகிறோம். அதன் பின்னால் ஹெலிகோபேக்டர் பைலோரி என்ற கிருமி இருக்கலாம். மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடையே இது கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இந்தக் கிருமி இரும்பு சேர்வதையும் கெடுக்கும், புண் உண்டாக்கி இரத்தத்தையும் கசியவைக்கும். மூச்சுப் பரிசோதனையிலோ மலப் பரிசோதனையிலோ கண்டுபிடிக்கலாம். அதற்கு இரண்டு வாரம் முன்பே ஓமிப்ரசோலை நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் கிருமி இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும். எனவே தேதியை டாக்டரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

இரவு மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. இரும்பு மாத்திரை ஒன்று உள்ளே போனதும் கல்லீரல் ஹெப்சிடின் என்ற சுரப்பைக் கூட்டுகிறது. அது குடலில் இரும்பு நுழையும் வாசலைச் சுமார் 24 மணி நேரம் பாதி சாத்திவிடுகிறது. காலையில் ஒன்று போட்டு இரவில் இன்னொன்று போட்டால், இரண்டாவது பாதி சாத்திய வாசலில் போய் நிற்கிறது. சேராமல் குடலில் தங்கும் இரும்புதான் மலச்சிக்கலையும் குமட்டலையும் தருகிறது. இரும்புச் சேமிப்பு குறைந்த பெண்களை வைத்து சுவிட்சர்லாந்தில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் மாத்திரை எடுத்தவர்களுக்குச் சுமார் 16 சதவீதம் இரும்பு சேர்ந்தது. ஒருநாள் விட்டு ஒருநாள் எடுத்தவர்களுக்குச் சுமார் 22 சதவீதம். மூன்றாக்க வேண்டாம் என்று நான் சொன்னதற்கு இதுவே காரணம். ஒரு நாளைக்கு ஒன்றா, ஒருநாள் விட்டு ஒன்றா என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டு மாற்றுங்கள். 8.9 என்பது குறைவான எண். ஆகவே இந்த முடிவை அவர்தான் எடுக்க வேண்டும்.

இனி ஸிங்க். இதை நான் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். முடி கொட்டுவதற்கு ஸிங்க் என்று நம் ஊர்களில் கைக்குக் கை மாறும் மாத்திரைகள் அவ்வளவு சாதுவானவை அல்ல.

ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டிய ஸிங்க் சுமார் 8 மில்லிகிராம். பெரியவர்களுக்கு மேல் எல்லையாக அமெரிக்க நிபுணர்கள் வைத்திருப்பது 40. ஐரோப்பிய எல்லை 25. நீங்கள் மாத்திரையில் மட்டும் 50 எடுக்கிறீர்கள், அதுவும் எட்டு மாதமாக. அளவுக்கு மேல் ஸிங்க் வரும்போது குடலின் உள்சுவர் செல்கள் மெட்டலோதயோனின் என்ற புரதத்தைக் கூட்டுகின்றன. இந்தப் புரதம் ஸிங்க்கைவிடச் செம்பை இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். குடல் செல்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக முளைப்பவை. உதிரும்போது பிடித்து வைத்த செம்பும் மலத்தோடு போய்விடுகிறது. இப்படி நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகச் செம்பு இறங்கிக்கொண்டே வரும். வில்சன் நோயில், உடம்பில் தேங்கும் செம்பைக் குறைக்க மருத்துவர்கள் ஸிங்க்கையே மருந்தாகக் கொடுப்பது இதனால்தான்.

செம்பு குறைந்தால் இரத்தத்துக்கு என்ன? குடல் செல்லிலிருந்தும் சேமிப்பிலிருந்தும் இரும்பு வெளியே வந்து இரத்தத்தில் ஏற, செம்பு அடங்கிய நொதிகள் வேண்டும். அவை இல்லாவிட்டால் இரும்பு இருந்தும் பயனில்லை. 1928இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பாலை மட்டும் கொடுத்து வளர்த்த எலிகளுக்கு இரத்தசோகை வந்தது. சுத்தமான இரும்பை மட்டும் கொடுத்தபோது அவை தேறவில்லை. சிறிதளவு செம்பு சேர்த்த பிறகே தேறின. இரும்பு மாத்திரைக்கு அசையாத இரத்தசோகை என்றால் செம்பையும் நினைக்க வேண்டும் என்பது அன்றிலிருந்து தெரிந்த விஷயம்.

ஸிங்க் குறைபாட்டை 1960களின் தொடக்கத்தில் ஈரானில் முதன்முதலாக எடுத்துக்காட்டியவர் ஆனந்த பிரசாத் என்ற இந்தியாவில் பிறந்த மருத்துவர். புளிக்காத முழுக்கோதுமை ரொட்டியையே பெரும்பாலும் சாப்பிட்ட கிராமத்து இளைஞர்கள் வளர்ச்சி குன்றி இருந்ததை அவர் ஆராய்ந்தார். அந்தக் கோதுமையிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் ஸிங்க்கைப் பிடித்து வைத்துவிடுகிறது. அதே பிரசாத்தும் அவருடன் வேலை செய்தவர்களும்தான் 1978இல், நோயாளிகளுக்கு மருந்தாகக் கொடுத்த ஸிங்க் செம்பைக் குறைத்துவிடுகிறது என்பதையும் எழுதினார்கள். ஸிங்க்கின் அருமையை உலகுக்குச் சொன்னவரே அதன் அளவையும் எச்சரித்திருக்கிறார்.

செம்பு குறைபாட்டில் இரத்தசோகையோடு வெள்ளணுக்களும் குறையும். நரம்பும் பாதிக்கும்: பாதம் மரத்துப்போகும், நடை தள்ளாடும். உங்கள் பாதம் மரத்திருப்பதாகப் படித்ததும் இதைத்தான் முதலில் நினைத்தேன். அது பி12 குறைபாடாகவும் இருக்கலாம். ஓமிப்ரசோலை வைத்துப் பார்த்தால் அதற்கும் இடமுண்டு. சர்க்கரை நோயாலும் இப்படி வரும். எதுவானாலும் நரம்பு பாதித்து நாளானால் முழுதாகத் திரும்புவது கடினம். இரத்த எண்ணிக்கை சில வாரங்களில், மாதங்களில் சரியாகிவிடும்; நரம்பு அப்படியல்ல. அதற்காகவே இந்த வாரமே போகச் சொல்கிறேன்.

ஸிங்க் டப்பாவையும் கையோடு கொண்டுபோங்கள். லேபிளில் 50 மில்லிகிராம் என்பது ஸிங்க்கின் எடையா, ஸிங்க் அடங்கிய உப்பின் (சேர்மத்தின்) எடையா என்று பார்க்க வேண்டும். ஸிங்க் குளுக்கோனேட் 50 மில்லிகிராம் என்றால் உள்ளே உண்மையான ஸிங்க் சுமார் 7 மில்லிகிராம்தான். அப்படியிருந்தால் ஸிங்க்கால் வந்த கவலை பெரும்பாலும் நீங்கும். தனிமமாக 50 என்றால் நான் மேலே எழுதிய எல்லாம் பொருந்தும். மலேசியாவில் பதிவு செய்த பொருளானால் ‘எம்.ஏ.எல்.’ என்று தொடங்கும் எண்ணும் ஒளிரும் ஹாலோகிராம் ஒட்டியும் இருக்கும். அவை இல்லாவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை லேபிளை வைத்து நம்ப முடியாது. செம்பு குறைந்தது உறுதியானால் டாக்டர் அதற்கு அளவாகக் கொடுப்பார். செம்புக் குடத்துத் தண்ணீர் குடித்தால் போதும் என்று யாராவது சொல்லுவார்கள். அதில் எவ்வளவு செம்பு இறங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அதை வைத்தியமாக எடுக்காதீர்கள்.

கிளினிக்கில் நீங்கள் கேட்க வேண்டியவை: முழு இரத்த எண்ணிக்கையில் வெள்ளணு, அதிலும் நியூட்ரோஃபில் எவ்வளவு, சிவப்பணுவின் அளவு எவ்வளவு, ஃபெரிட்டின் (இரும்புச் சேமிப்பைக் காட்டுவது), பி12, சர்க்கரை, மக்னீசியம், பொட்டாசியம், கால்சியம், சிறுநீரகம். டாக்டர் தேவை என்று கருதினால் செம்பும், அதை இரத்தத்தில் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மினும். இந்தக் கடைசி இரண்டையும் சிறிய கிளினிக்கில் செய்யமாட்டார்கள். இரத்தத்தை எடுத்து அனுப்ப வேண்டியிருக்கும், அல்லது ஈப்போ மருத்துவமனைக்கு எழுதித் தருவார்கள். ஃபெரிட்டின் முக்கியம். சிவப்பணு சிறிதாக இருந்து ஃபெரிட்டின் குறையாமல் இருந்தால் தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் கடத்தியாக இருக்கலாம். அவர்களுக்கு இரும்பை அள்ளிக் கொடுப்பது தப்பு. 2016 முதல் நான்காம் படிவ மாணவர்களுக்குப் பள்ளியில் தலசீமியா சோதனை நடக்கிறது. வீட்டில் பிள்ளைகள் யாருக்காவது அந்த முடிவு இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

இரத்தம் வெளியேறும் வழியையும் பார்க்க வேண்டும். 44 வயதில் மாதவிடாய் அதிகமாவது சாதாரணம். ஆனால் ஒரு மணி, இரண்டு மணிக்கு ஒருமுறை பேட் மாற்றுவதும், கட்டி கட்டியாகப் போவதும், ஏழு நாளுக்கு மேல் நீடிப்பதும் சாதாரணமல்ல. ஒரு மாதத்தில் 80 மில்லிலிட்டருக்கு மேல் போனால் அதை அதிகம் என்று கணக்கிடுகிறோம். அந்த அளவு போனால் ஒவ்வொரு மாதமும் 25 முதல் 40 மில்லிகிராம் இரும்பு போகிறது. கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறதா என்று ஸ்கேன் செய்துபார்க்கச் சொல்லுங்கள். தோட்டத்து மண்ணில் வெறுங்காலோடு நடப்பவர்களுக்குக் கொக்கிப் புழுவையும் மறந்துவிடக் கூடாது. மலம் தார்போலக் கறுத்துப் பிசுபிசுவென்று நாற்றத்துடன் போனால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இரும்பு மாத்திரையால் மலம் கறுப்பாவது இயல்பு. பிசுபிசுப்பும் அந்தக் கடும் நாற்றமும் இயல்பல்ல.

இப்போது உங்கள் நாளை மாற்றி அடுக்குவோம். ஐந்தரைக்கு எழுந்ததும் தைராக்ஸின், வெறும் தண்ணீரோடு. ஆறு மணிக்கு ஓமிப்ரசோல். அது உணவுக்கு அரை மணி முன்பு போனால்தான் சரியாக வேலை செய்யும். ஆறரைக்குப் பசியாறுங்கள்; ஆசைப்பட்ட தே தாரிக்கை அப்போது குடித்துக்கொள்ளலாம், அந்த வேளையில் மாத்திரை எதுவும் இல்லை. இரும்பு மாத்திரையை அலுவலகத்துக்குக் கொண்டுபோங்கள். பத்தரைக்கு, தேநீருக்குப் பதில் தண்ணீரோடு போட்டு, கையோடு நான்கைந்து துண்டு கொய்யா சாப்பிடுங்கள். அதற்குள் தைராக்ஸின் போட்டு ஐந்து மணி நேரம் ஆகியிருக்கும். இரும்புக்கும் கால்சியத்துக்கும் தைராக்ஸினிலிருந்து குறைந்தது நான்கு மணி இடைவெளி வேண்டும். பத்தரைக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். தேநீர் திரும்ப நாலு மணிக்கு. கால்சியம் இரவுச் சாப்பாட்டோடு. வயிற்றைப் புரட்டினால் இரும்பை இரண்டு வாய்ச் சோற்றோடு போடலாம். பால், தேயிலை, முட்டை அந்த நேரத்தில் வேண்டாம்.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. தைராக்ஸினை இதுவரை பாதி வீணாக்கிக்கொண்டு இருந்திருப்பீர்கள். இனி முழுதாகச் சேரும். அதே அளவு உங்களுக்கு அதிகமாகிவிடலாம். படபடப்பு, கை நடுக்கம், எடை குறைவது இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். எதுவும் இல்லாவிட்டாலும் ஆறு முதல் எட்டு வாரத்தில் தைராய்டு இரத்தச் சோதனையை மறுபடி எடுங்கள்.

கால்சியம் மாத்திரையிலும் லேபிளைப் பாருங்கள். கால்சியம் கார்பனேட் 500 மில்லிகிராமில் கால்சியம் 200தான். கால்சியம் லாக்டேட் 300 மில்லிகிராமில் 40 கூட வராது. ஒரு நாளைக்கு வேண்டிய 1000 மில்லிகிராமில் பெரும்பங்கு சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். எல்லாக் கீரையும் இதற்கு உதவாது. பாயாம் என்று சந்தையில் விற்கும் கீரையிலும் பசலையிலும் ஆக்சலேட் என்ற பொருள் அதிகம். அது கால்சியத்தைக் கட்டிப்போட்டுவிடும். பசலைக் கால்சியத்தில் சேர்வது சுமார் ஐந்து சதவீதம், பாலில் சுமார் இருபத்தேழு. சாவி, கைலான் என்ற கீரைகளில் ஆக்சலேட் குறைவு. அவற்றின் கால்சியம் பாலுக்கு நிகராகவோ அதற்கு மேலாகவோ சேரும். முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, டின் மத்தி, தவூ (சோயாக் கட்டி) ஆகியவையும் நல்லவை. நெத்திலியை இரண்டு தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். உப்பு கூடினால் சிறுநீரில் கால்சியமும் கூடவே போகும்: ஆறு கிராம் உப்புக்குச் சுமார் 40 மில்லிகிராம். அதை ஈடுகட்ட அரை கிளாஸ் பாலுக்கு மேல் குடிக்க வேண்டியிருக்கும். கருவாடும், கிச்சாப்பும், மேகி மீயும் தினமும் தட்டில் இருக்கும் வீட்டில் கால்சியம் மாத்திரை வாங்குவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

இரும்புக்கு உங்கள் மதியச் சாப்பாட்டைக் கொஞ்சம் திருத்தினால் போதும். சோறு, சாம்பார், கீரைப் பொரியல் என்ற தட்டில் இரும்பு இருக்கிறது. ஆனால் பருப்பிலும் தானியத்திலும் உள்ள ஃபைட்டேட் அதை விடுவதில்லை. அதே தட்டில் ஒரு துண்டு மீனோ கொஞ்சம் ஆட்டிறைச்சியோ கோழி ஈரலோ சேர்ந்தால், அவற்றின் இரும்பு நன்றாகச் சேர்வதோடு கீரையின் இரும்பையும் கூட்டிக்கொண்டு போகும். கெராங் என்ற சிப்பி இரும்பு நிறைந்தது. ஆனால் அரைவேக்காட்டில் சாப்பிடாதீர்கள், மஞ்சள்காமாலைக் கிருமியும் டைஃபாய்டும் அதில் வரும். முருங்கைக்கீரையை விடாதீர்கள், எச்.பி. 8.9ஐ அது தனியாகத் தூக்கிவிடும் என்றும் நம்பாதீர்கள். எலுமிச்சையைப் பொரியல் கொதிக்கும்போது பிழிந்தால் வைட்டமின் சி சூட்டில் அழிந்துவிடும். இறக்கிய பிறகு, தட்டில் பிழியுங்கள். புரட்டாசியிலும் வெள்ளிக்கிழமைகளிலும் சைவம் என்றால் இட்லி, தோசை, முளைகட்டிய பயறு, தெம்பே (புளிக்கவைத்த சோயா). மாவு புளிக்கும்போதும் பயறு முளைக்கும்போதும் ஃபைட்டேட் உடைகிறது. பருப்பை இரவே ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

கெண்டைக்கால் பிடிப்புக்கு மக்னீசியம் கேட்டிருந்தீர்கள். இரவில் வரும் சாதாரணப் பிடிப்புக்கு மக்னீசியம் மாத்திரை பெரிதாக உதவுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஓமிப்ரசோலால் மக்னீசியம் உண்மையிலேயே இறங்கியிருந்தால் கதை வேறு. மக்னீசியம் குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியே விட்டுவிடும். கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பியும் மந்தமாகி கால்சியமும் இறங்கும். அந்த நிலையில் பொட்டாசியமும் கால்சியமும் எவ்வளவு கொடுத்தாலும் மக்னீசியத்தைச் சரிசெய்யாமல் ஏறாது. இரத்தச் சோதனையில் தெரிந்துவிடும். அதற்குள் வாங்கினால் வயிற்றுப்போக்குதான் மிச்சம். தூங்கப்போகும் முன் சுவரில் கைவைத்து, குதிகால் தரையில் பதிய, ஒவ்வொரு காலையும் அரை நிமிடம் நீட்டி இழுங்கள்.

கணவருடைய உப்புக்கு வருகிறேன். சோடியம் குறைந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு. நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு, பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்து எதுவும் சாப்பிடாதவருக்கு, அது நன்மைதான். பெரிண்டோபிரில் சிறுநீரகம் பொட்டாசியத்தை வெளியேற்றுவதைக் குறைக்கிறது. லொசார்ட்டான், ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடுபவர்களுக்கும் இதே கதைதான். உள்ளே வருவது கூடி, வெளியே போவது குறைந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறும். பல சமயம் எந்த அறிகுறியும் காட்டாமல் ஏறி, இதயத் துடிப்பையே குலைத்துவிடும். கை கால் தளர்வு, நெஞ்சு படபடப்பு இருந்தால் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சிறுநீரகச் சோதனையோடு பொட்டாசியத்தையும் பார்த்த பிறகே அந்த உப்பு அவருக்கு ஆகுமா என்று டாக்டர் சொல்ல முடியும். அதுவரை சாதாரண அயோடின் உப்பு, வீட்டில் ஒருவருக்கு ஒரு நாளைக்கு எல்லாம் சேர்த்து ஒரு தேக்கரண்டிக்குள். ஒரு கோப்பை இளநீரில் சுமார் 600 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது; சோதனை முடிவு வரும்வரை அதையும் தினமும் குடிக்க வேண்டாம். சிறுநீரகம் பழுதானது என்று தெரிந்தால் பெலிம்பிங் என்ற நட்சத்திரப் பழத்தைத் தொடவே கூடாது. அதிலுள்ள நச்சு மூளையைத் தாக்கும்.

உங்கள் எச்.பி.யை நான்கு வாரம் கழித்து மறுபடி பாருங்கள். 1க்கு மேல் ஏறியிருந்தால் வழி சரி. 12ஐத் தாண்டிய பிறகும் சேமிப்பு நிரம்ப மூன்று மாதம் தொடர வேண்டும். ஏறாவிட்டால் மேலே சொன்ன சோதனை முடிவுகளோடு உள்சிகிச்சை நிபுணரிடம் எழுதித் தரச் சொல்லுங்கள்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் வந்துபோனால் இரும்பு மாத்திரையை எட்டாத உயரத்தில், பூட்டி வையுங்கள். மிட்டாய்போல இருக்கும் இந்த மாத்திரையில் மூன்றே 10 கிலோ எடையுள்ள குழந்தைக்கு நஞ்சாகத் தொடங்கும். ஒன்பது, பத்து உயிரையே எடுக்கும். விழுங்கியது தெரிந்தால் வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், மாத்திரைப் பட்டையையும் எடுத்துக்கொண்டு நேரே மருத்துவமனைக்குப் போங்கள். முதலில் வாந்தி எடுத்து, பிறகு சில மணி நேரம் குழந்தை தேறிவிட்டதுபோலத் தெரியும். அந்த இடைவெளியை நம்பி வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள்.